பின்னால் நின்றது

ஆகஸ்ட் கடைசியில் என் அண்ணன் ராய்ஸ் கொண்டுவந்து இறக்கிய கறிப்பெட்டியை என் மனைவி நெட்ரா அப்படியே தூக்கிப்போய் அவனுடைய பிக்கப் வண்டியின் பின்புறத்தில் திரும்ப வைத்தாள். எங்கள் ஒயோமிங் மாநிலத்தில் இது ஒரு வழக்கம். வேட்டைக்காலம் தொடங்குமுன் எல்லோரும் ஃப்ரீஸரைக் காலி செய்வார்கள். போன வருஷத்து எல்க் மான் கறி, அடியில் கிடந்து பனி தின்று வெள்ளை பூத்துப்போனது, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சேரும். என் இடுப்பு எலும்பை மாற்றி வைத்த பிறகு நான் மலை ஏறுவதை விட்டுவிட்டேன். அன்றுமுதல் ராய்ஸின் பழைய கறிக்கு எங்கள் வீடுதான் முகவரி. நெட்ரா வெங்காயத்தையும் பொறுமையையும் போட்டு அதை வேகவைப்பாள். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று ராய்ஸ் எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று உரக்கச் சொன்னான்.

"எடுத்துக்கோ நெட்ரா. வேற யாரும் கேக்கலேன்னா நாய்க்குத்தான் போடலாம்னு இருந்தேன்."

"அப்போ நாய்க்கே போடு. இந்த வருஷம் எங்க கறியை நானே சுட்டுக்கறேன்."

ராய்ஸ் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்று இரவு எனக்குத் தட்டில் வெறும் உருளைக்கிழங்குதான்.

நெட்ராவுக்கு வயது ஐம்பத்திரண்டு. டவுனில் மருந்துக்கடைக்காரர் மகளாகப் பிறந்து, துப்பாக்கியை அலமாரியின் மேல் தவிர வேறெங்கும் பார்க்காமல் வளர்ந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் முடித்துவிடுகிற வேட்டைப் பாடத்தை இவள் படித்ததில்லை, அதில் தேறாமல் இவளுக்கு வேட்டைச் சீட்டு கிடையாது. எனவே தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில், தன் பேருந்தில் வருகிற வாண்டுகளுக்கு நடுவே, முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்து படித்தாள். வாண்டுகளுக்குக் கொண்டாட்டம். அவள் பக்கத்தில் யாரிடமாவது பென்சில் கேட்டால் போதும், "நெட்ரா, பின் சீட்ல பேச்சு கூடாது!" என்று பின்னாலிருந்து குரல் வருமாம். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பாடத்தை ஒப்பிப்பாள்.

"எதைச் சுடறோம்னு தெரியணும். அதுக்குப் பின்னாடி என்ன நிக்குதுன்னும் தெரியணும். இதைப்போய் எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா லைல்? கண்ணாடியில பின்னாடி பாத்துப் பாத்தே கழுத்து சுளுக்கின ஜென்மம் நான்."

செப்டம்பர் முழுக்க ஊருக்கு வெளியே ஜல்லிக் குழியில் சுட்டுப் பழகினாள். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் சண்டை போட்டோம், இடையிடையே அவள் சுட்டாள். முதலில் விசையைத் தொடுமுன்பே கண்ணை மூடிக்கொண்டாள். தோள்பட்டை கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. அந்தத் தோளோடு விடியற்காலையில் பேருந்தை எடுத்துக்கொண்டு போவாள், சாயங்காலம் மறுபடி ஜல்லிக் குழி. ஒருநாள், "போதும் விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் அடுத்த தோட்டாவைப் போட்டாள். மாதக் கடைசியில், குறிக்கு வைத்த காகிதத் தட்டின் நடுவில் அவள் போட்ட ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தட்டை நான் வண்டியில் மறைத்து வைத்துக்கொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

குலுக்கலில் அவளுக்குப் பெண் எல்க் ஒன்றுக்குச் சீட்டு விழுந்தது. சுட்டவர் கையெழுத்துப் போட்டு, சுட்ட எல்க்கின் மேலேயே மாட்ட வேண்டிய சீட்டு அது. ராய்ஸிடமும் அதே மலைக்கு அதே மாதிரிச் சீட்டு. எல்க் என்றால் சும்மா மான் என்று எண்ணிவிடக் கூடாது. குதிரை அளவு உடம்பு, பள்ளத்தில் சுட்டதை மேலே வண்டிக்குக் கொண்டுவரக் குதிரைகள் வேண்டும். குதிரைகள் ராய்ஸிடம்தான் இருந்தன. ஆகவே ராய்ஸும் கூட வந்தான், வரும்போதே ஒரு பரிசும் கொண்டுவந்தான். வேட்டைக்காலத்தில் மலையில் யாரும் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் நடமாடக் கூடாது. எங்கள் மாநிலத்தில் ஆரஞ்சுக்குப் பதில் இளஞ்சிவப்பும் போடலாம். அவன் கொண்டுவந்தது அந்த இளஞ்சிவப்பு.

"பொம்பளைங்களுக்குன்னே கவர்மென்ட் போட்ட கலர் நெட்ரா. உனக்கு எடுப்பா இருக்கும்."

"உன் குதிரைக்குப் போட்டுப் பாரு. அதுக்கும் எடுப்பாத்தான் இருக்கும்" என்று அவள் அதைச் சுருட்டி அவனுடைய சேணப் பைக்குள் திணித்தாள். அது அங்கேயே கிடந்தது.

என் வேலை, வண்டிப்பாதை முடிகிற மலைமுகட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பைனாகுலரில் பார்ப்பது. கீழே பள்ளத்தில் கைப்பேசி எடுக்காது, அதனால் தொப்பிதான் எங்கள் பாஷை. தொப்பியை இடப்பக்கம் நீட்டினால் கூட்டம் இடப்பக்கம் போகிறது. நெஞ்சில் வைத்தால் அசையாதே. தலைக்கு மேல் தூக்கினால் விழுந்துவிட்டது. முதல் வாரக் கடைசியில் ஒரு கூட்டம் அவளுக்கு எதிரிலேயே ஓடியது. அவள் சுடவில்லை. ஓடுகிறதைச் சுட்டால் எங்கே படும் என்று தெரியாதாம். ராய்ஸின் குதிரை காதில் விழாத கெட்ட வார்த்தை இல்லை. அவள் காலுறையைப் பிழிந்து உதறிக்கொண்டே, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கெளம்பறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு, பள்ளத்தின் எதிர்ச்சரிவில் சேஜ் புதர்களுக்கு நடுவே ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டு வந்தது. எல்லாம் பெண் எல்க்குகளும் கன்றுகளும். நான் தொப்பியை வலப்பக்கம் நீட்டினேன், பிறகு நெஞ்சில் வைத்தேன். நெட்ரா ஓடைக்கரையில் குப்புறப் படுத்து, முதுகுப் பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்திருந்தாள். ஒரு பெரிய பெண் எல்க் கூட்டத்தைவிட்டு விலகி வந்து பக்கவாட்டில் நின்றது. சத்தம் என்னை எட்டுமுன்பே அது முன்னங்காலை மடக்கியது. சில எட்டு ஓடிப் புதரில் சரிந்தது. நான் தொப்பியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டேன். இடுப்பு வலியெல்லாம் எங்கே போனதோ.

அப்போதுதான் அதன் பின்னால் இன்னொன்று நிற்பதைப் பார்த்தேன். அதே நிறம், அதே உயரம், முதலாவதை ஒட்டியே நின்றிருக்க வேண்டும். தாழ்வில் படுத்திருந்தவள் கண்ணுக்கு இரண்டும் ஒரே உடம்பாகத்தான் தெரிந்திருக்கும். கூட்டம் ஓடிவிட்டது, அது ஓடவில்லை. கால்களை அகல வைத்துத் தலையைத் தொங்கவிட்டு நின்றது. பிறகு ஓடையோர வில்லோ புதருக்குள் மெல்ல நடந்து, உட்காருவதுபோல உட்கார்ந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மெச்சிக்கொள்வதெல்லாம் மாந்தோப்போடு சரி. ஒரு சீட்டுக்கு ஒரு எல்க், அதற்கு மேல் விழுந்தால் குற்றம். தலைக்கு மேல் தூக்கிய தொப்பியை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு என்று சொல்ல எங்கள் பாஷையில் ஜாடை இல்லை.

முகட்டில் குதிரைகளோடு காத்திருந்த ராய்ஸ் தன் கிழட்டுப் பெண்குதிரையில் என்னை ஏற்றிக் கீழே கூட்டிப்போனான். நெட்ரா எல்க்கின் கழுத்தில் கை வைத்து மண்டியிட்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. தேதி போட்டுக் கையெழுத்திட்டுச் சீட்டைக் கிழித்து எடுத்து, என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

"பாத்தியா லைல்? ஒரே தோட்டா."

"பாத்தேன். நெட்ரா, இன்னொண்ணும் இருக்கு."

நான் கைகாட்டிய பக்கம் மூவரும் போனோம். வில்லோ புதரில் அது செத்துக் கிடந்தது. ராய்ஸ் குனிந்து விலா எலும்புகளுக்கு நடுவே விரல் வைத்துப் பார்த்தான். முதலாவதைத் துளைத்து வெளியே போன தோட்டா இதற்குள் புகுந்திருந்தது. நெட்ரா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பின்னாடி பாக்கல" என்றாள். "பாக்கல லைல். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா அது நகர்ந்திருக்கும்."

ராய்ஸ் சட்டைப் பையிலிருந்து தன் சீட்டை எடுத்தான். சொல்லவேண்டியதைச் சொல்ல வேண்டும், அவன் குரலில் கேலி இல்லை. "அழுவாத. இதுக்கு நான் மாட்டறேன். முடிஞ்சுது கதை. இந்த மலையில நூறு பேருக்கு நடந்தது இது, நூறு பேரும் இதைத்தான் பண்ணாங்க."

"அடுத்தவங்க சுட்டதுக்குச் சீட்டு மாட்டக் கூடாது ராய்ஸ்."

"பாடப் புத்தகமா? இங்க இருக்கறது நாம மூணு பேரு. குதிரை ரெண்டும் வாய் தொறக்காது. நீ மேல போய் ஃபோன் போட்டேன்னு வை, அதிகாரி வந்து ரெண்டையும் ஏத்திட்டுப் போயிருவாங்க. அதோட விடுவாங்களா? அஞ்சு வருஷத்துக்குத் துப்பாக்கியத் தொடாதேம்பாங்க. குளிர்காலம் பூரா என்ன திம்பே? திரும்பவும் நான் கொண்டாற பொட்டியா?"

அது சுருக்கென்று தைத்தது, எனக்கே தைத்தது. நெட்ரா என்னைப் பார்த்தாள். "நீ என்ன சொல்ற?"

"கறி கறிதான் நெட்ரா. எந்தச் சீட்டு மாட்டினா என்ன?" என்றேன். மனதில் பட்டதைத்தான் சொன்னேன். அவளுடைய முதல் எல்க்கை யாரோ வந்து தூக்கிப்போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஓடுகிற பேருந்தில் எழுந்து நிற்கிற பையனைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். பயந்துதான் இருந்தாள். ராய்ஸ் நீட்டிய சீட்டை ஒருமுறை பார்த்தாள், அதை வாங்கிவிட அவளுக்கும் ஆசை இருந்தது என்பது அவளோடு முப்பது வருஷம் வாழ்ந்தவனுக்குத் தெரியாதா.

"உன் சீட்டை மாட்டினா இது உன் எல்க்" என்றாள் கடைசியில். "ஆகஸ்ட்ல ஃப்ரீஸரைக் காலி பண்ணுவே. நான் சுட்டதையே நீ பொட்டியில வெச்சுக் கொண்டாந்து எனக்குக் குடுப்பே. நான் வாங்கிக்கணும். வாயையும் மூடிக்கணும், சாவற வரைக்கும்."

"நல்லது பண்ண வந்தவனைப் பாத்துப் பேசற பேச்சா இது?"

"அதான் ராய்ஸ் சங்கடம். நீ எப்பப் பாத்தாலும் நல்லதே பண்ணிட்டிருக்க."

எழுந்து முதலாவதன் காதில் தன் சீட்டைக் கட்டினாள். கத்தியை எடுத்துக்கொண்டு வந்து இரண்டாவதன் பக்கத்தில் மண்டியிட்டாள். குற்றமோ இல்லையோ, வெயிலில் கறி காத்திருக்காது. புத்தகத்தில் படித்ததை முணுமுணுத்துக்கொண்டு வயிற்றைக் கீறினாள். கை தவறியது, மறுபடி பிடித்தாள். ராய்ஸ் தள்ளி ஒரு மரக்கட்டையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் அந்தப் பெரிய பின்னங்காலைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒற்றைக்கையால் அறுப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இடுப்பு குனிய விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ராய்ஸ் எழுந்து வந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான். இரண்டையும் சுத்தம் செய்து, துண்டுகளாக்கி, நிழலில் மரக்கிளைகளில் தூக்கிக் கட்டினார்கள். அவளுடையது ஒரு மரத்தில், மற்றது வேறொரு மரத்தில். பிறகு நெட்ரா ஓடையில் கை கழுவிவிட்டு, குதிரை வேண்டாம் என்று சொல்லி, ஃபோன் எடுக்கிற முகட்டுக்கு நடந்தே ஏறினாள்.

வேட்டைத்துறை அதிகாரி ஷெல்பி பிற்பகலில் வந்து சேர்ந்தாள். முப்பது வயதுப் பெண், சின்ன வயதில் நெட்ராவின் பேருந்தில் போனவள். முகட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நெட்ராவோடு இறங்கி வந்தாள்.

"உங்க குரலைக் கேட்டதும் யாருக்கோ அடிபட்டுருச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

"அடிபட்டது அந்த மரத்துல தொங்குது."

ஷெல்பி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். இரண்டாவதன் தோலுக்கடியில் தட்டையாகிக் கிடந்த தோட்டாவைத் தோண்டி எடுத்து ஒரு சின்னப் பையில் போட்டாள். "யார் சுட்டது?" என்றபோது ராய்ஸ் என்னைப் பார்த்தான், நான் குதிரையைப் பார்த்தேன்.

"நான்தான். பின்னாடி பாக்கல" என்றாள் நெட்ரா.

"சீட்டு கட்டினது உங்களோடது. அதை யாரும் தொட மாட்டாங்க. மத்ததை நான் எடுத்துட்டுப் போறேன், எங்கயாவது கறி வாங்க முடியாத வீட்டுக்குப் போவும். நீங்களே கூப்பிட்டுச் சொன்னதை எழுதியிருக்கேன். ஆனா கேஸ் கேஸ்தான். அடுத்த வருஷம் உங்களுக்குச் சீட்டு உண்டா இல்லையான்னு நீதிபதிதான் சொல்லணும். நான் சொல்ல முடியாது நெட்ரா."

"சொல்லாத. சொன்னா உன்னை நம்ப மாட்டேன்." இரண்டாவது தொங்கிய மரத்தைக் காட்டி, "அந்தக் கறியை இப்பவே குடுத்துரச் சொல்லு. வெள்ளை பூத்துப்போற வரைக்கும் ஃப்ரீஸர்ல போட்டு வெச்சிட்டுக் குடுக்க வேணாம்" என்றாள்.

ராய்ஸ் சேணத்தின் வாரை இறுக்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏற்கெனவே இறுகியிருந்த வார்தான்.

ஷெல்பி சிரித்தாள். "ஒரு தடவை என்னை நடுவழியில எறக்கி விட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

"உங்க வீட்டு வாசல்ல எறக்கி உங்கம்மா கையில புடிச்சுக் குடுத்தேன். நடுவழியில எறக்கியிருந்தா என் வேலை போயிருக்கும்."

மேலே தூக்கிப்போக ஆள் வரச்சொல்வதாக ஷெல்பி சொன்னாள். நெட்ரா கேட்கவில்லை. "நான் சுட்டது, நான்தான் ஏத்தி விடுவேன், என்னோடது அப்புறம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, தனக்கில்லாத அந்த எல்க்கின் தொடையைக் கிளையிலிருந்து அவிழ்த்துத் தோளில் சாய்த்தாள். அவளுடைய கறிக்குக் காவலாக நான் இருப்பதென்று முடிவாயிற்று. ஆனாலும் அவள் தொடையை இறக்கி வைத்து, வேர்வையில் நனைந்த தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றித் தன் மரத்தில் தொங்கிய கறியின் மேல் கட்டினாள். மனித வேர்வை வாடை இருந்தால் நரி கிட்டே வராது என்பார்கள்.

"நான்தான் இருக்கேனே" என்றேன்.

"நீ உக்காந்தா தூங்கிருவே. உன்னைவிட என் வேர்வையை நம்பலாம்."

இப்போது அவள் உடம்பில் மங்கலான பழுப்புக் கம்பளிச் சட்டை மட்டும். அந்த நிறத்தோடு வேட்டைக்காலத்தில் மலை ஏறினால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அவளும் ஒரு எல்க்தான். ராய்ஸ் சேணப் பைக்குள் கைவிட்டு அந்த இளஞ்சிவப்பை உருவினான். இவன் திருந்தவே மாட்டான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி நெட்ராவிடம் நீட்டினான். பிறகு இளஞ்சிவப்பைத் தன் பெரிய உடம்பில் இழுத்து மாட்டிக்கொண்டான். பொத்தான் போட எட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டிய நெட்ராகூட ஆரஞ்சை வாங்கிப் போட்டுக்கொண்டு, "குதிரையைக் கொண்டா" என்று மட்டும் சொன்னாள். இரண்டு குதிரைகளிலும் அந்தக் கறியை ஏற்றினார்கள். அவள் தோளில் வைத்த தொடையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

நான் மரத்தடியில் உட்கார்ந்து பைனாகுலரை எடுத்தேன். வெயில் சரிவின் மேல்பாதிக்கு ஏறிவிட்டிருந்தது. ஷெல்பி முன்னால், அவளுக்குப் பின் குதிரைகளோடு இளஞ்சிவப்பாக ராய்ஸ், கடைசியில் தொடையின் கனத்தில் சாய்ந்தபடி, அவளுக்குத் தொளதொளத்த ஆரஞ்சில் நெட்ரா. பாதை திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் அவள் நின்றாள். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி, தான் வந்த வழியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிதானமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அடுத்த எட்டு வைத்தாள்.